மூன்று மாதம் பிந்தி உதிரும் கூந்தல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிளைவுட் தடுப்பு வழியாகக் கிடைத்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக். எனக்கு முழங்கையில் அரிப்பு. உள்ளே டாக்டர், வெளியே நான், நடுவே சுவர் என்ற பெயரில் ஒரு பலகை. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம். கதை எழுதுகிறவன் அப்படிச் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

எனக்கு முந்தைய டோக்கன் ஒரு இளம்பெண்ணுடையது. தலையை மூடிய சாம்பல் நிற ஹிஜாப். மடியிலிருந்த கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள். கவருக்குள் முடி. பந்தாகச் சுருட்டிய, நீளமான, கருகருவென்ற முடி. முடி கொட்டுகிறவர்கள் சாட்சியைக் கையோடு கொண்டுவருவது சகஜம்தான். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் உள்ளே போனாள். பலகை பேசத் தொடங்கியது.

எத்தனை நாளாகக் கொட்டுகிறது என்று டாக்டர் கேட்டார்.

"என்னோடது இல்ல டாக்டர். என் ஃப்ரெண்டோட முடி."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்தவள் தலைமுடியைக் கவரில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் வர ஒருத்திக்கு என்ன அவசியம்? அந்தக் கேள்வி வந்த நொடியில் எனக்குக் கை பரபரத்தது. [முழங்கை அல்ல.]

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் தலையில் உதிர ஒன்றும் மிச்சமில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுதான் என் பிழைப்பு என்று என் மனைவி ஜானு சொல்வாள். மொட்டைத் தலை என்னிடம் எப்போதுமே உண்டு. முடிச்சுப் போடக் கூந்தல் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

2

அவள் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் மனதுக்குள் எழுதிக் கைவிட்ட முதல் வரிகள்:

"லாரித் தண்ணீரில் தலைக்குக் குளித்த அன்றுதான் ஹம்சினிக்கு முதன்முதலாக"

வேண்டாம். சென்னையில் எல்லார் பழியையும் தண்ணீர்தான் சுமக்கிறது.

"அந்தப் புது ஷாம்புவின் வாசனை ஹம்சினிக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவளுடைய"

விளம்பரம் மாதிரி இருக்கிறது.

"நிச்சயதார்த்தத்தன்று யாரோ ஒருத்தி அந்தப் பின்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். கண் என்பது"

இது கொஞ்சம் நன்றாக வந்தது. ஒரு பக்கம்வரை ஓடியது. அப்புறம் அழித்தேன். மூன்று வரிகளிலும் ஒரே தப்பு இருக்கிறது. அது என்னவென்று எழுதும்போது எனக்குத் தெரியவில்லை. நான்காம் பகுதியில் தெரிந்துகொண்டு துள்ளிக் குதிப்பேன், பார்க்கத்தானே போகிறீர்கள்.

பெயர்கள் நான் வைத்தவை. கவரோடு வந்தவள் அஃப்ரா. முடிக்குச் சொந்தக்காரி ஹம்சினி. பலகை வழியாக வந்ததைத் தவிர மற்றதெல்லாம் என் சரக்கு.

3

அஃப்ரா மயிலாப்பூரில் தன் வீட்டு முன்னறையில் கல்யாணப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறவள். ஹிஜாப் கட்டிய பெண் தாழம்பூ ஜடை தைப்பதைப் பார்த்து முதலில் புருவம் உயர்த்திய மாமிகளே பிறகு தங்கள் மகள்களுக்கு அவளை முன்கூட்டிச் சொல்லிவைத்தார்கள். முகூர்த்தத்தை நம்பிய தொழில் என்பதால் தமிழ் மாதங்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வெந்தயம், கருஞ்சீரகம் போட்டுத் தானே எண்ணெய் காய்ச்சிப் புட்டியில் அடைத்துக் கொடுப்பாள்.

ஹம்சினி கல்லூரியில் அவளோடு ஒரே பெஞ்ச். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டிலிருந்து முழங்கால்வரை பின்னலோடு வருவாள். 'கூந்தல் உள்ள மகராசி அள்ளி முடிகிறாள்' என்று வகுப்பே கேலி செய்யும். உன் கல்யாணத்துக்கு நான்தான் ஜடை பின்னுவேன் என்று அஃப்ரா அப்போதே சொல்லிவைத்தாள். அந்தக் கல்யாணம் இதோ, வைகாசியில்.

மாசி பிறந்ததும் ஹம்சினிக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. ஓரிடத்தில் சொட்டையாக அல்ல. தலை முழுக்கப் பரவலாக. தலையணையில், சீப்பில், சாம்பார்க் கிண்ணத்தில். வகிடு அகலமாகத் தெரிந்தது. அவள் அம்மா ஸ்ரீலக்ஷ்மி ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். தலைக்குக் குளித்தால்தானே கொத்தாக வருகிறது? குளிக்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமைக் குளியல் நின்றுபோனது. இறுக்கிப் பின்னிக் கொண்டையாக முடிந்து வைத்தார். முடி கொட்டுவதும் நின்றுவிட்டது என்று தாயும் மகளும் நிம்மதியாக இருந்தார்கள். உண்மையில் கழன்ற முடியெல்லாம் விழ வழியில்லாமல் பின்னலுக்குள்ளேயே கிடந்தது.

பங்குனியில் ஒத்திகை அலங்காரம். எண்ணெய்ப் புட்டியோடு போன அஃப்ரா, கொண்டையை அவிழ்த்து, எண்ணெய் தேய்த்து, குளியலறையில் உட்காரவைத்து அலசினாள். விரல்களுக்கிடையே முடி வந்தது. கொஞ்சமல்ல, கைநிறைய. உதறினாள், மறுபடி வந்தது. தண்ணீர் போகும் துளை அடைத்துக்கொண்டது. வாசலில் துண்டோடு நின்றிருந்த ஸ்ரீலக்ஷ்மி பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அஃப்ராவுக்கு அதிகம் வலித்தது.

"எண்ணெயில புதுசா என்னடீ போட்டே?"

ஹம்சினி ஈரத்தலையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள், ஜடைக்குத் தி. நகரிலிருந்து வேறொருத்தி வருகிறாள் என்று ஸ்ரீலக்ஷ்மி செய்தி அனுப்பினார். ஹம்சினி போனை எடுக்கவில்லை.

உதிர்ந்த முடியைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்பது அஃப்ராவின் வழக்கம். சுருட்டி அவரவரிடமே கொடுத்துவிடுவாள். அன்று கொடுக்கத் தைரியம் வரவில்லை. கவரில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

[இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர், கல்யாணப் பெண்ணின் முடியை இன்னொருத்தி எடுத்துப் போகிறாளே, செய்வினை, அது இது என்று விறுவிறுப்பாகக் கொண்டுபோகலாம் என்றார். வேண்டுமானால் அவரே எழுதிக்கொள்ளட்டும். எனக்கு ஸ்ரீலக்ஷ்மியைப் பிடித்திருக்கிறது.]

வேலை போனதற்காக அஃப்ரா டாக்டரிடம் போகவில்லை. இரவும் பகலும் ஒரே கேள்வி அவளைத் தின்றது: ஒருவேளை நிஜமாகவே என் எண்ணெய்தானோ? ஹம்சினியின் கூந்தலைக் கெடுத்தது என் கைதானோ? ஆமாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அந்த வீட்டு வாசலில் போய் மன்னிப்புக் கேட்பது, அடுப்படியிலிருந்த எண்ணெயையெல்லாம் கொட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் டோக்கன் போட்டாள்.

4

டாக்டருக்குத் தமிழ்மொழி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் கவரைப் பிரித்து, சில முடிகளை எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். [பார்த்தார் என்பது ஊகம். லென்ஸ் மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.]

"வேர்ப்பக்கம் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் வெள்ளையா ஒரு குட்டி முனை இருக்கா? எண்ணெயோ கெமிக்கலோ கெடுத்திருந்தா முடி நடுவுல ஒடையும். இது முழுசா, தானா கழண்டு வந்திருக்கு."

பிறகு அவர் சொன்னவற்றை நான் கிளினிக் ரசீதின் பின்பக்கம் கிறுக்கிக்கொண்டேன். வாசகரே, ஒரு நிமிடம் கதையை ஓரமாக வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். இவ்வளவு நாள் தலையில் வைத்திருந்தும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே.

ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளரும். பிறகு ஓய்வெடுக்கும். இரண்டு மூன்று மாதம் சும்மா நின்றுவிட்டு விழும். எந்த நேரத்திலும் தலையில் பத்தில் ஒன்றுதான் ஓய்வில் இருக்கும் என்பதால் விழுவது நமக்கு உறைப்பதில்லை. ஆனால் உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால் - கடும் ஜுரம், பிரசவம், ஆபரேஷன், பட்டினி, தாங்க முடியாத துக்கம் - ஏகப்பட்ட முடிகள் ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்திவிடும். ஆபீஸில் பாதிப்பேர் ஒரே நாளில் லீவு போட்டாற்போல. அப்போதும் விழாது! அங்கேதான் வேடிக்கை. இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே நடக்காதது மாதிரி தலையிலேயே நிற்கும். உடம்பு தேறி, ஆள் சிரித்துப் பேசி, எல்லாம் மறந்துபோன பிறகு ஒருநாள் கொத்துக் கொத்தாக வரும். அப்போது கையில் எந்தப் புட்டி இருக்கிறதோ அதன்மேல் பழி. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இன்னும் கேளுங்கள். புது முடி கீழிருந்து முளைத்துத் தள்ளுவதால்தான் பழையது விழுகிறதாம். கொட்டுவதே வளர்வதன் அறிகுறி.

நான் ரசீதோடு எழுந்து நின்றுவிட்டேன். டோக்கன் கொடுக்கும் பெண் முறைத்தாள். என் மூன்று முதல் வரிகளிலும் இருந்த தப்பு இப்போது பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர், ஷாம்பு, கண்ணேறு எல்லாம் முடி விழுந்த நாளுக்குப் பக்கத்தில் நிற்பவை. கதையோ மூன்று மாதத்துக்கு முன்னால், யாரும் கவனிக்காத ஒரு நாளில் தொடங்கிவிட்டது.

வைத்தியமும் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஆளைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல மாட்டேன், கூட்டிவாருங்கள் என்றார். ரத்தத்தில் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் மாத்திரை. கல்யாணத்துக்கு இளைக்கிறேன் என்று பட்டினி கிடக்காமல் பருப்பும் பயறும் வயிறாரச் சாப்பிட வேண்டும். பயப்படாமல் தலைக்குக் குளிக்கலாம். மற்றபடி பொறுமைதான் மருந்து. இந்த வகையாக இருந்தால் சில மாதத்தில் தானே நிற்கும், திரும்ப வளரும், வழுக்கை விழாது.

[வழுக்கை என்ற சொல் பலகையைத் தாண்டி வந்தபோது நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.]

5

அடுத்து நடந்ததை ஒரு சொல்கூட மாற்றாமல் தருகிறேன்.

"கொட்ட ஆரம்பிச்சதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல டாக்டர். தையில நிச்சயதார்த்தம். சந்தோஷமாத்தான் இருந்தா."

"அதுக்கு முன்னாடி?"

"மார்கழி. அவங்க வீட்ல மார்கழியில விசேஷம் வைக்க மாட்டாங்க. அதனாலதான் தைக்குத் தள்ளினாங்க."

"எதுலேருந்து தள்ளினாங்க?"

தெரியவில்லை டாக்டர் என்று ஒரு சின்னக் குரல். கதவு திறந்தது. வெளியே வந்தவள் குப்பைத்தொட்டியைத் தாண்டித்தான் போனாள். கவரை அதில் போடவில்லை. காற்றை நீக்கி, மடித்து, கைப்பையின் ஜிப் வைத்த அறைக்குள் வைத்தாள், அடுத்தவர் நகையை எடுத்துப் போகிறவளின் கவனத்தோடு.

நான் கண்டதும் கேட்டதும் இதோடு சரி.

எதிலிருந்து தள்ளினார்கள்? வீட்டுக்கு வந்து எழுதித் தள்ளினேன். முதல் பிரதியில் ஹம்சினிக்கு ஒரு பழைய காதலன். இரண்டாவதில் [உங்கள் கண் மின்னுவது தெரிகிறது] அதைவிடப் பெரிய விஷயம். ஜானு இரண்டையும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒரு பொண்ணுக்கு முடி கொட்டித்துன்னா உடனே பெரிய ரகசியம் இருந்தாகணுமா? சாதாரணமா ஒரு ஜுரம் வந்திருக்கப்படாதா?"

ஜுரம். ஆனால் ஜுரம் வந்தது அஃப்ராவுக்கு எப்படி மறக்கும் என்று கேட்டேன். கல்யாணம் நிச்சயம் ஆகப்போகும் பெண்ணுக்கு ஜுரம் வந்தால் எந்த ஆத்தில் தம்பட்டம் அடிப்பார்கள் என்று ஜானு திருப்பிக் கேட்டாள். நான் பேனாவைத் தேடி ஓடினேன்.

6

அஃப்ரா ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். லஸ் தாண்டியாயிற்று. எதிலிருந்து தள்ளினார்கள் என்ற கேள்வி பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. மார்கழியில் வைக்க மாட்டார்கள், சரி. ஆனால் முதலில் நாள் குறித்தது மார்கழியில் இல்லையே. கார்த்திகைக் கடைசியில் அல்லவா? தாழம்பூவுக்குக்கூடச் சொல்லிவைத்திருந்தாளே.

மழை. முழங்கால் தண்ணீர். ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருவில் ஆட்டோ வராது என்று இறங்கி, சல்வாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் இளநீர்ப் பையோடு நடந்தது. ஹம்சினி படுத்திருந்தாள். டெங்கு. கட்டிலுக்கு வெளியே நீண்ட கை கொதித்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்தாள் அஃப்ரா. கிளம்பும்போது ஸ்ரீலக்ஷ்மி வாசல்வரை வந்து அவள் தோளைத் தொட்டார்.

"பிள்ளையாத்துக்காரா காதுல விழப்படாதுடீ. சீக்காளிப் பொண்ணுன்னு நெனச்சுடுவா. மார்கழி வந்துடறது, தையில வச்சுக்கலாம்னு சொல்லப்போறோம். நீயும் அதையே சொல்லு."

சொன்னாள். பூக்காரரிடம் சொன்னாள், கல்லூரித் தோழிகளிடம் சொன்னாள், தன் வீட்டிலும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அதுவே நடந்ததாகிவிட்டது. அந்த வீட்டாருக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். இன்று டாக்டர் கேட்டபோதும் அதையே சொல்லியிருக்கிறாள். தோழிக்காகக் காத்த வாக்கு இவ்வளவு பத்திரமாக இருந்திருக்கிறது, தனக்கே தெரியாமல்!

என் எண்ணெய் இல்லை. என் கை இல்லை. அவளுக்கு எல்லாம் திரும்ப வளர்ந்துவிடும். ஆட்டோவை ராஜா அண்ணாமலைபுரத்துக்குத் திருப்பச் சொன்னாள்.

"இன்னாம்மா, ஊட்டாண்ட வரசொல்லோ திரும்புன்றே?" என்றார் ஓட்டுநர். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தவர், நல்ல சேதி போலிருக்கிறது என்று தானே சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

7

இங்கே நான் வேண்டுமென்றே ஒரு வேலை செய்தேன். அஃப்ரா போய்ச் சேரும் நேரத்தில் அந்தக் கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மாவை உட்காரவைத்தேன். தி. நகரில் முகூர்த்தப் புடவை எடுத்துவிட்டு வரும் வழியில், பெண்ணிடம் காட்டலாம் என்று வந்திருக்கிறார். நல்ல மனுஷி. காபி குடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஏன் இந்தக் கல்மனசு என்று கேட்காதீர்கள். கதை அப்போதுதான் கொதிக்கும்.

ஸ்ரீலக்ஷ்மி அஃப்ராவைப் பார்த்துத் திகைத்து, பிறகு உள்ளே வா என்றார். ஹம்சினி ஜன்னலோரம் மடியில் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அஃப்ராவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாலை வெயில் நெற்றியில் சாய்வாக விழுந்தது. அஃப்ராவின் தொழில்கண் அதைப் பார்த்துவிட்டது: வகிட்டின் இருபுறமும், நெற்றி ஓரத்திலும், விரல்நகம் அளவுக்குப் புது முடிகள், வெயிலில் குத்திட்டு நின்றன. அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, குழந்தைக்கு வகிடு இப்படி அகன்று போயிருக்கிறதே என்று கரிசனத்தோடு கேட்டார். ஸ்ரீலக்ஷ்மி அஃப்ராவைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"ஏதோ எண்ணெய் ஒத்துக்கலை மாமி."

8

முடிவு ஒன்று. அஃப்ரா டெங்கு என்று சொல்லிவிடுகிறாள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டு, இதைப் போயா மறைத்தீர்கள், கொசு ஜாதகம் பார்த்தா கடிக்கிறது என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். எழுத இனிப்பாக இருந்தது. ஆனால் இதில் அஃப்ராவின் பேர் மீள்கிறது, வாக்குப் போய்விடுகிறது. மழையில் நடந்த அந்தப் பெண் இதைச் செய்ய மாட்டாள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. ஒன்றும் சொல்லாமல் கவரை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி நட

இல்லை. அவளைத் தியாகச் சிலையாக்க நான் யார்? பழியைச் சுமக்கவா ஆட்டோவைத் திருப்பினாள்?

முடிவு மூன்று. கூந்தல் வளர்ந்ததும் உண்மை தானே விளங்கும் என்று காத்திருக்கலாம். ஆனால் அதற்கும் மாதங்கள் ஆகும். வைகாசிக் கல்யாணம் அதற்குள் வேறொருத்தி கையால் பின்னிய ஜடையோடு முடிந்துபோகும்.

அதனால் அஃப்ராவை அவள் போக்கில் விட்டேன். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். கவரை எடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவையோ ஸ்ரீலக்ஷ்மியையோ பார்க்கவில்லை. ஜன்னலருகே போய் ஹம்சினியின் கையில் அதை வைத்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டினேன்டி. தைக்கு முன்னாடி உனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. ஒண்ணும் ஆகலன்னு சொல்லிட்டேன்."

ஸ்ரீலக்ஷ்மியின் கையிலிருந்த காபி டபரா தட்டில் இடித்தது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மழையும், வாசலும், தான் தொட்ட தோளும். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றும் புரியாமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஹம்சினி கவரைப் பார்த்தாள். பிறகு, போனை எடுக்காமலே இருந்த இத்தனை நாளுக்கும் சேர்த்து அஃப்ராவின் முகத்தைப் பார்த்தாள்.

வாசகரே, திரும்பிப் போய்ப் பாருங்கள். இந்தக் கதையில் எல்லாருக்கும் பேச்சுக் கொடுத்தேன். டாக்டருக்கு, ஆட்டோக்காரருக்கு, என் மனைவிக்குக்கூட. முடிக்குச் சொந்தக்காரிக்கு ஒரு வரி கொடுக்கவில்லை. மறந்துபோய் அல்ல, அவளுக்கென்று ஒரே ஒரு வரியைச் சேர்த்து வைத்திருந்தேன். இங்கே வந்து சேர்ந்ததும் அதை எழுத எனக்கு உரிமை இல்லை என்று தோன்றுகிறது. அவள் சொல்லப்போவது என்னவென்பது, மூன்று மாதத்துக்கு முன்னால் கொதிக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே, அப்போதே முடிவாகியிருக்கும். உங்கள் கையையும் யாராவது அப்படிப் பிடித்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஹம்சினி புடவையை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். எழுந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பி, வாயைத் திறந்து,